அடுத்த அறையில் யார்?

நுழையும்முன்

வங்கியின் இணையப்பக்கத்தைத் திறந்தால் மூலையில் சிரித்த முகம் ஒன்று தோன்றி வணக்கம் கூறுகிறது. திறன்பேசியிடம் ஒன்றை வினவினால் அதனுள்ளிருந்து ஒரு குரல் விடையளிக்கிறது. அம்முகத்துக்கும் அக்குரலுக்கும் பின்னால் ஒருவரும் இல்லை என்பதை அறிந்தே மக்கள் அவற்றுக்கு நன்றி கூறுகின்றனர். சில வேளைகளில் சினமும் கொள்கின்றனர். உயிரற்ற ஒன்றை, எதிரே இருந்து உரையாடும் ஒருவராக மனித மனம் எப்போது ஏற்றுக்கொள்கிறது? இணையமும் திறன்பேசியும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே இவ்வினாவை ஒரு விளையாட்டாக வடித்துத் தந்தவர் ஆலன் டூரிங். கணினி அறிவியலின் தந்தை என உலகம் போற்றும் அவருடைய வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

கடிதங்களில் வந்த பெற்றோர்

ஆலன் மாத்திசன் டூரிங் 1912ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். அவருடைய குடும்பத்தின் வேர்களுள் ஒன்று தமிழ் மண்ணில் இருந்தது. தாயார் எத்தல் சாரா, கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் எட்வர்டு ஸ்டோனி சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியாளராக விளங்கியவர். அவர்தம் இல்லம் குன்னூரில் இருந்தது. ஆலனின் அண்ணன் ஜான் அங்குதான் பிறந்தார். தந்தை ஜூலியஸ், இந்தியக் குடிமைப்பணிக்காகத் தமிழ் கற்று, சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் அலுவலராகப் பணியாற்றியவர்.

ஆயினும் ஆலன் இந்தியாவைக் கண்டதே இல்லை. இந்நாட்டின் வெப்பம் தம் பிள்ளைகளின் உடலுக்கு ஒவ்வாது என்று ஆங்கிலேய அலுவலர்கள் எண்ணிய காலம் அது. ஜூலியஸ் 1913ஆம் ஆண்டு பணிக்குத் திரும்பினார். சில திங்களில் எத்தலும் அவரைப் பின்தொடர்ந்தார். அப்போது ஆலனுக்கு ஒன்றேகால் வயது. இரு சிறுவர்களும் இங்கிலாந்தின் தென்கடற்கரையில், ஓய்வுபெற்ற படை அலுவலர் ஒருவரின் இல்லத்தில் வளர்க்கப்பட்டனர். பெற்றோர் விடுப்பில் வந்துபோகும் விருந்தினரைப் போலாயினர். மற்ற நாள்களில் அவர்கள் கப்பலேறி வரும் கடிதங்களாகவே இருந்தனர். முகம் காணாமல் எழுத்தைக் கொண்டே ஒருவரை அறிந்துகொள்ளும் பழக்கம் அவருக்கு மழலைப் பருவத்திலேயே வாய்த்தது.

பதின்மூன்றாம் வயதில் ஷெர்போர்ன் என்னும் உறைவிடப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். பள்ளி திறக்கும் நாளில் நாடெங்கும் பொது வேலைநிறுத்தம், தொடர்வண்டிகள் ஓடவில்லை. சிறுவன் ஆலன் தன் மிதிவண்டியில் ஏறி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கடந்து, இடையில் ஓரிரவு விடுதியில் தங்கிப் பள்ளியை அடைந்தான். பள்ளியோ அவனை அவ்வளவு விரும்பவில்லை. கையெழுத்து சிதறிக் கிடக்கிறது, உடையில் மை படிந்திருக்கிறது, செவ்வியல் மொழிகளில் நாட்டமில்லை என ஆசிரியர்கள் குறைகூறிக்கொண்டே இருந்தனர்.

அங்கு அவருக்குக் கிடைத்த நண்பர் கிறிஸ்டோபர் மார்க்கம். அறிவியலிலும் கணிதத்திலும் இருவருக்கும் ஒரே வேட்கை. விண்மீன்களைப் பற்றியும் வேதியியல் சோதனைகளைப் பற்றியும் இடைவிடாது பேசினர். 1930ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிறிஸ்டோபர் காசநோயால் திடீரென இறந்தார். பதினேழு வயது ஆலனால் அவ்விழப்பைத் தாங்க இயலவில்லை. நண்பரின் தாயாருக்குப் பல ஆண்டுகள் கடிதம் எழுதினார். உடல் அழிந்தபின் மனம் என்ன ஆகிறது, உயிரற்ற பருப்பொருளில் எண்ணம் எவ்வாறு குடியேறுகிறது என்பன அவரை விடாது துரத்திய வினாக்கள். துயரில் தோன்றிய அவ்வினாக்களை அவர் பின்னாளில் கணிதத்தின் வழியே அணுகினார்.

கணிப்பவர் என்னும் மனிதர்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் பயின்ற டூரிங், 22ஆம் வயதிலேயே அக்கல்லூரியின் ஆய்வறிஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1936ஆம் ஆண்டு அவர் எழுதிய ஆய்வுரை, கணிதத்தின் எல்லாச் சிக்கல்களையும் ஒரே வழிமுறையால் தீர்த்துவிட இயலாது என மெய்ப்பித்தது. அதற்காக அவர் தம் கற்பனையில் ஓர் எந்திரத்தை அமைத்தார். கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட முடிவற்ற நாடா. ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டும் படிக்கவும் எழுதவும் அழிக்கவும் வல்ல ஓர் உறுப்பு. என்ன செய்யவேண்டும் எனக் கூறும் விதிகளின் பட்டியல். அவ்வளவே. பிற எந்திரங்களின் விதிகளையும் நாடாவிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால், ஒரே எந்திரம் அவை அனைத்தின் வேலையையும் செய்யும் என்றும் காட்டினார். இன்றைய கணினியும் அதில் ஓடும் மென்பொருளும் இக்கருத்தின் வழித்தோன்றல்களே.

இங்கு மறக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் என்னும் ஆங்கிலச் சொல் அந்நாளில் ஒரு கருவியைக் குறிக்கவில்லை. தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்கிடும் மனிதரையே குறித்தது. டூரிங் அம்மனிதரைத்தான் உற்றுநோக்கினார். கணிப்பவரின் கண் எங்கே செல்கிறது, கை என்ன எழுதுகிறது, அடுத்து அவர் மனநிலை எவ்வாறு மாறுகிறது என ஒவ்வொன்றாகப் பிரித்து, அவற்றையே எந்திரத்தின் செயல்களாக வகுத்தார். எந்திரம் மனிதரைப் போலச் செய்யுமா என்னும் பிற்கால வினாவுக்கு முன்பே, மனிதரின் ஒரு செயல் எந்திரமாக எழுதப்பட்டுவிட்டது.

இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியா போர் அறிவித்த மறுநாள், 1939ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், டூரிங் பிளெட்ச்லி பார்க் என்னும் கமுக்க நிலையத்தில் பணியேற்றார். ஜெர்மானியப் படைகள் எனிக்மா என்னும் கருவியால் தம் செய்திகளை மறைத்து அனுப்பின. போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் முன்னரே கண்டிருந்த வழியை வளர்த்து, பாம்ப் எனப்படும் மின்பொறி ஒன்றை டூரிங் வடிவமைத்தார். கார்டன் வெல்ச்மன் அதனை மேம்படுத்தினார். அட்லாண்டிக் கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு அனுப்பப்பட்ட ஆணைகள் படிக்கப்பட்டன. எண்ணற்ற மாலுமிகள் உயிர் தப்பினர். பிறர் திருடாதவாறு தம் தேநீர்க் குவளையைச் சங்கிலியால் பிணைத்து வைத்தவர் என்றும், மகரந்த ஒவ்வாமைக்கு அஞ்சி நச்சுக்காற்று முகமூடி அணிந்து மிதிவண்டி ஓட்டியவர் என்றும் அங்கிருந்தோர் அவரை நினைவுகூர்ந்தனர். ஆனால் அவர் அங்குச் செய்த பணியை முப்பது ஆண்டுகளுக்கு எவரும் வெளியே கூற இயலவில்லை.

சுவரும் தட்டச்சும்

போருக்குப் பின் டூரிங் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு கணினியை வடிவமைத்தார். அதன் கட்டுமானம் தாமதமாகவே, 1948ஆம் ஆண்டு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கு உண்மையான கணினி ஒன்று இயங்கத் தொடங்கியிருந்தது. செய்தித்தாள்கள் அதனை மின்மூளை என வருணித்தன. மூளை அறுவை மருத்துவரான ஜெஃப்ரி ஜெஃபர்சன் 1949ஆம் ஆண்டு நிகழ்த்திய உரையில் இதனைக் கடுமையாக மறுத்தார். குறிகளைத் தற்செயலாகச் சேர்த்தல்லாமல், தான் உணர்ந்த உணர்வுகளால் ஒரு கவிதையை எழுதி, எழுதியதையும் அறிந்திருந்தாலன்றி எந்திரத்தை மூளைக்கு நிகராக ஏற்க முடியாது என்பது அவர் வாதம்.

டூரிங்கின் விடை 1950ஆம் ஆண்டு அக்டோபரில் மைண்ட் என்னும் மெய்யியல் இதழில் வெளிவந்தது. எந்திரம் சிந்திக்குமா என்று கேட்பதில் பயனில்லை என்று அவர் கருதினார். சிந்தித்தல் என்னும் சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் கொள்வர், வழக்கு முடிவுறாது. அதற்கு மாற்றாக விருந்துகளில் ஆடத்தக்க ஒரு விளையாட்டை முன்வைத்தார். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஓர் அறையில் இருப்பர். வினவுபவர் வேறோர் அறையில் இருப்பார். முகம் தெரியாது, குரல் கேட்காது. தட்டச்சு செய்யப்பட்ட வினாக்களும் விடைகளும் மட்டுமே இரு அறைகளுக்கிடையே செல்லும். இருவருள் யார் ஆண், யார் பெண் என வினவுபவர் கண்டறிய வேண்டும். ஆண் அவரைக் குழப்ப முயல்வார். பெண் அவருக்கு உதவ முயல்வார். இப்போது அந்த ஆணின் இடத்தில் ஓர் எந்திரத்தை அமர்த்தினால் என்ன நிகழும்? வினவுபவர் முன்போலவே ஏமாறுவாரா? சிந்திக்குமா என்னும் பழைய வினாவின் இடத்தில் டூரிங் இவ்வினாவை வைத்தார்.

அந்தச் சுவரை எதற்காக எழுப்பினார் என்பதில்தான் டூரிங்கின் உள்ளம் தெரிகிறது. அழகுப் போட்டியில் வெல்லவில்லை என்பதற்காக எந்திரத்தைத் தண்டித்தலும், விமானத்தோடு ஓடித் தோற்றான் என்பதற்காக மனிதனைத் தண்டித்தலும் நேர்மையாகா என்று அவர் எண்ணினார். செயற்கைத் தசையும் தோலும் போர்த்தி எந்திரத்தை மனித உருவாக்குவது வீண்வேலை என்றும் அவர் கருதினார். உடல் எதுவாயினும் ஆகுக. சொல்லைக் கொண்டு மட்டும் தீர்ப்பளிக்க வேண்டும். இன்றைய மெய்நிகர் உருவங்களுக்குக் கண்ணும் புன்னகையும் பொருத்தப் பெரும்பொருள் செலவிடுவோர் அவர் வழியில் செல்லவில்லை எனலாம். மனித உருவை நெருங்கியும் முழுதும் ஒவ்வாத பொம்மை காண்போரிடம் அச்சத்தையும் அருவருப்பையும் தோற்றுவிக்கும் என்று 1970ஆம் ஆண்டு ஜப்பானியப் பேராசிரியர் மசாகிரோ மோரி எழுதினார். முகத்தை மறைத்துவிட்ட டூரிங்கின் விளையாட்டில் இத்தொல்லை எழவே இடமில்லை.

ஆய்வுரையில் அவர் தரும் மாதிரி உரையாடல் சுவையானது. ஒரு பாலத்தைப் பற்றிக் கவிதை எழுதுமாறு கேட்கும்போது, தமக்குக் கவிதை ஒருபோதும் வராது என்று மறைவிலிருப்பவர் ஒதுங்கிக்கொள்கிறார். அடுத்து 34957, 70764 ஆகிய எண்களைக் கூட்டுமாறு கேட்கப்படுகிறது. அரை நிமிடம் கழித்து 105621 என்று விடை வருகிறது. பொறுமையாகக் கூட்டிப் பார்ப்போர்க்கு 105721 என்பதே கிடைக்கும். இப்பிழையைப் பற்றி டூரிங் அவ்விடத்தில் ஒரு சொல்லும் கூறவில்லை. ஆனால் நன்கு ஆடும் எந்திரம் கணக்குகளில் வேண்டுமென்றே தவறு செய்யும் என்று பின்னோரிடத்தில் குறிப்பிடுகிறார். மனிதரைப் போல் தோன்றுவதற்கு எந்திரம் அறிவைக் கூட்டிக்கொள்வதோடு மறதியையும் தயக்கத்தையும் கற்க வேண்டியிருக்கிறது.

ஜெஃபர்சனின் மறுப்புக்கும் அவர் நயமாக விடையளித்தார். எந்திரம் உண்மையில் உணர்கிறதா என்று உறுதியாக அறிய ஒரே வழி, அந்த எந்திரமாகவே ஆகிவிடுவது. ஆனால் அண்டை வீட்டாரைப் பற்றியும் அதே நிலைதானே? பிறர் உள்ளத்தில் புகுந்து பார்த்தவர் எவருமில்லை. அவர்களும் எண்ணுகிறார்கள் என்பதை ஒரு பண்பாட்டு மரியாதையாகவே ஒவ்வொருவரும் ஏற்றுக்கொண்டிருக்கின்றனர். அந்த மரியாதையை எந்திரத்துக்கு மட்டும் மறுப்பது ஏன் என்பதே டூரிங் விடுத்த அறைகூவல். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில், ஐந்து நிமிடம் வினவிய பின்னும் சராசரி மனிதர் எந்திரத்தைச் சரியாக இனங்காணும் வாய்ப்பு 70 விழுக்காட்டுக்கு மேல் இராது என்றும் கணித்தார்.

ஏமாறியவர் யார்?

மரியாதை அளிப்பதில் மக்கள் டூரிங் எண்ணியதைவிட விரைந்து நின்றனர். 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஜோசப் வைசன்பாம் என்பவர் எலிசா என்னும் உரையாடு மென்பொருளை உருவாக்கினார். அது மனநல ஆலோசகரைப் போல் நடித்தது. ஒருவர் தம் தாயைப் பற்றிக் கூறினால், தாயைப் பற்றி மேலும் கூறுமாறு கேட்கும். அவர் தட்டச்சு செய்த தொடரையே திருப்பி வினாவாக்கும். அதற்கு மேல் அதனுள் ஒன்றுமில்லை. அது எவ்வாறு உருவானது எனப் பல திங்கள் அருகிருந்து பார்த்தவர் வைசன்பாமின் செயலாளர். அவரே அதனோடு சிறிது நேரம் உரையாடிய பின், வைசன்பாமை அறையைவிட்டு வெளியே செல்லுமாறு வேண்டினார். அந்தரங்கம் பேசத் தனிமை தேவைப்பட்டது. மகிழ வேண்டிய வைசன்பாம் அஞ்சினார். எந்திரத்திடம் ஒப்படைக்கலாகாத மனிதப் பணிகள் உண்டு என்று பின்னர் ஒரு நூலே எழுதினார்.

1990களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொன்றைக் கண்டனர். தமக்குப் பாடம் நடத்திய கணினியைப் பற்றி அதே கணினியில் கருத்துக் கேட்டபோது மக்கள் கனிவாக மதிப்பிட்டனர். வேறொரு கணினியில் கேட்டபோது அக்கனிவு குறைந்தது. எதிரே இருப்பதன் மனம் புண்படலாகாது என்பது போன்ற நடத்தை அது. அப்படி நடந்துகொண்டீர்களா என வினவியபோது அவர்கள் மறுத்தனர். 2014ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த ஒரு போட்டியில், 13 வயது உக்ரைனியச் சிறுவனாக நடித்த மென்பொருள் ஒன்று நடுவர்களுள் மூன்றில் ஒரு பங்கினரை நம்பவைத்தது. ஆங்கிலம் அச்சிறுவனின் தாய்மொழி அன்று என்பதால் அதன் உளறல்கள் மன்னிக்கப்பட்டன. டூரிங்கின் தவறான கூட்டல் வேறு வேடத்தில் வெற்றி பெற்றது. இவ்விளையாட்டு எந்திரத்தை அளக்கிறதா, வினவும் மனிதரின் இரக்கத்தை அளக்கிறதா என்னும் ஐயம் இன்றும் ஆய்வாளரிடையே நீங்கவில்லை.

இத்தகைய வேடிக்கைகளின் தொடக்கம் டூரிங்கின் காலத்திலேயே உண்டு. 1952ஆம் ஆண்டு கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி என்பவர் மான்செஸ்டர் கணினியைக் காதல் கடிதங்கள் எழுத வைத்தார். சொற்பட்டியல்களிலிருந்து தற்செயலாகச் சொற்களை எடுத்துக் கோத்து, மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினி என்பதன் முதலெழுத்துகளைக் கையொப்பமாக இட்டு அது கடிதங்களை வழங்கியது. எண்களைத் தற்செயலாகத் தரும் வசதியை அக்கணினியில் சேர்க்கச் செய்தவர் டூரிங்தான். அதே காலத்தில் அவர் சதுரங்கம் ஆடும் வழிமுறை ஒன்றையும் எழுதியிருந்தார். அதனை இயக்கும் ஆற்றல் எந்தக் கணினிக்கும் இல்லாததால், தாமே தாளில் கணக்கிட்டு எந்திரத்தின் இடத்தில் அமர்ந்து ஆடினார். ஒரு நகர்த்தலுக்கு ஏறத்தாழ அரைமணி நேரம் ஆயிற்று. நண்பர் அலிக் கிளென்னியிடம் 29 நகர்த்தல்களில் தோற்றார். மனிதராக நடிக்கும் எந்திரத்தை எண்ணியவர், எந்திரமாக நடித்த முதல் மனிதருள் ஒருவராகவும் ஆனார்.

சுவர் இல்லாத தீர்ப்பு

அந்த 1952ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டூரிங்கின் வீட்டில் திருட்டு நிகழ்ந்தது. அவர் காவல்துறையிடம் முறையிட்டார். விசாரணையின்போது, தமக்கு இன்னோர் ஆணுடன் உறவு இருந்ததை மறைக்காது கூறினார். இங்கிலாந்தில் 1885ஆம் ஆண்டின் சட்டப்படி அது குற்றம். திருட்டுக்கு ஆளானவரே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார். மார்ச் 31ஆம் நாள் தீர்ப்பு வந்தது. சிறைக்கு மாற்றாக ஓராண்டு ஹார்மோன் மருந்தை உடலில் ஏற்றிக்கொள்ள அவர் ஒப்புக்கொண்டார். அம்மருந்து அவருடைய உடலமைப்பையே மாற்றியது. மறைசெய்திப் பணிகளில் ஆலோசகராக இருந்த தகுதியும் பறிக்கப்பட்டது. போரில் அவர் ஆற்றிய தொண்டு கமுக்கமாகையால் நீதிமன்றத்தில் அதனை விரித்துரைக்க வழியில்லை.

அந்நாள்களில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் டூரிங் ஓர் அச்சத்தை வெளியிட்டார். எந்திரம் சிந்திக்கும் என்று கூறியவர் இத்தகைய மனிதர். ஆகவே எந்திரம் சிந்திக்காது என்று வருங்காலத்தில் எவரேனும் முடிவு கட்டிவிடுவர் என்பதே அது. கேலியாக எழுதியது போல் தோன்றினும் அதன் வலி மறையவில்லை. எந்திரத்துக்காக அவர் எழுப்பிய சுவர் அவருக்குக் கிடைக்கவில்லை. உடலைக் காணாது சொல்லைக் கொண்டு தீர்ப்பளிக்க வேண்டும் என்று கேட்டவரின் சொற்கள், அவருடைய உடலைக் காட்டித் தள்ளப்படக்கூடும் என்னும் நிலை உருவானது.

ஆயினும் அவர் ஆய்வை நிறுத்தவில்லை. விலங்குகளின் உடலில் புள்ளிகளும் வரிகளும் எவ்வாறு தோன்றுகின்றன என்பதை வேதிப்பொருள்களின் பரவலால் விளக்கும் அவருடைய ஆய்வுரை அதே ஆண்டில் வெளிவந்து, கணித உயிரியலுக்கு அடித்தளமிட்டது. 1954ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், தம் 42ஆம் பிறந்தநாளுக்குப் பதினாறு நாள்கள் இருக்கையில், தம் இல்லத்தில் நஞ்சினால் இறந்தார். அது தற்கொலை என விசாரணை முடிவு கூறியது. வேதிப்பொருள்களைக் கவனமின்றிக் கையாண்டதால் நேர்ந்த விபத்து என்றே தாயார் எத்தல் இறுதிவரை நம்பினார்.

அவரைத் தண்டித்த சட்டம் இங்கிலாந்தில் 1967ஆம் ஆண்டு தளர்த்தப்பட்டது. 1966 முதல் கணினி அறிவியலின் மிக உயர்ந்த விருது அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. 2009ஆம் ஆண்டு பிரித்தானியப் பிரதமர் கார்டன் பிரவுன், டூரிங் நடத்தப்பட்ட முறைக்காக அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். 2013ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் அரசியார் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அதே சட்டத்தால் தண்டிக்கப்பட்டு மறைந்த பிறருக்கும் 2017இல் மன்னிப்பு நீட்டிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு, அவருடைய பிறந்தநாளன்று, இங்கிலாந்து வங்கி புதிய 50 பவுண்டு தாளை வெளியிட்டது. அதன் ஒரு பக்கத்தில் டூரிங்கின் முகமும், 1936ஆம் ஆண்டு ஆய்வுரையின் குறியீடுகளும், அவர் பிறந்த நாளை ஒன்று, சுழியம் ஆகிய இரு இலக்கங்களால் எழுதிய ஒரு நாடாவும் அச்சிடப்பட்டுள்ளன.